மாப் கட்டைக்குப் பொட்டு

அன்னவாசல்
22.9.2025

என் பிரியத்துக்குரிய பிளெஸ்ஸிக்கு,

ரஞ்சிதா எழுதுகிறேன். நீயும் பீட்டர் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நானே எடுத்துக்கொள்கிறேன். போன் செய்தால், "பேஷன்ட் நிக்கிறாங்கடி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. அதனால்தான் இதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளி முத்திரை குத்திய கடிதமும் கூடவே வரும். அதில் ‘தங்கள் மேலான ஒத்துழைப்பு’ என்றெல்லாம் எழுதியிருக்கிறேன், படித்துச் சிரிக்காதே. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் காலாண்டு விடுமுறையில் வெளியே அனுப்பிப் பணி அனுபவம் கொடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியரை நச்சரித்து அனுமதி வாங்கியவள் நான்தான். டாக்டர், கலெக்டர், டீச்சர், இந்த மூன்றையும் விட்டால் உலகத்தில் வேலையே இல்லை என்று இங்கே பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலரை அச்சகத்துக்கு அனுப்புகிறேன், சிலரை நாற்றுப் பண்ணைக்கு. இரண்டு பேரை உன் ரத்தப் பரிசோதனை லேபுக்கு.

ரமீஜா: அப்பா சவுதியில். கம்ப்யூட்டரில் விரல் பறக்கும். கணக்கு என்றால் உயிர், ஆடிட்டர் ஆக வேண்டுமாம். பில் போடும் இடத்தில் உட்கார வைத்தால் சந்தோஷப்படுவாள்.

சத்யபிரியா: அப்பா மலையாண்டி இங்கே பேரூராட்சியில் துப்புரவு வேலை பார்க்கிறார். பாவப்பட்ட குடும்பம். தங்கமான பிள்ளை, எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்காமல் செய்வாள். கொஞ்சம் பார்த்துக்கொள்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் நீ. ஆனால் உன் லேபில் ஆயுத பூஜைச் சுண்டலுக்கு முதல் ஆளாகக் கை நீட்டுவாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பு.

உன்
ரஞ்சி


அன்னவாசல்
3.10.2025

பிளெஸ்ஸி,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடி வருவார்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ரமீஜா என் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லிவிட்டு அழுதாள். முதல் நாளே அவளை ஏசி அறையில் பில் போட உட்கார வைத்தாயாம். சத்யபிரியா கையில் மாப் கட்டையும் பினாயில் பாட்டிலும் கொடுத்தாயாம். நோயாளிகள் போய்வந்த கக்கூஸைக் கழுவவும், சிறுநீர் டப்பாக்களை அள்ளிக் கொட்டவும் அவள். ரத்தம் எடுக்கும் அறைக்குள் அவள் தரை துடைக்க மட்டும் போயிருக்கிறாள். மற்றபடி எட்டிப் பார்த்தால், "நீ அங்கிட்டுப் போம்மா, இங்க என்ன?" என்று விரட்டியிருக்கிறார்கள்.

அதைக்கூட ஏதோ தெரியாமல் செய்தார்கள் என்று நான் முழுங்கியிருப்பேன். ஆயுத பூஜையன்று செய்தது என்ன? எல்லாரும் அவரவர் கருவியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்களாம். உன் சீனியர் டெக்னீஷியன் திருமுருகன் மைக்ராஸ்கோப்புக்கு வைத்தார். ரமீஜா கம்ப்யூட்டருக்கு வைத்தாள். பிறகு அந்தத் திருமுருகன் குங்குமத் தட்டை சத்யபிரியாவிடம் நீட்டி, "ஒன் மாப் கட்டைக்கு நீயே வையிம்மா" என்றாராம். நீ அங்கேயே நின்று சிரித்தாயாம். வைத்தாள் பிளெஸ்ஸி. சொன்னதைச் செய்கிற பிள்ளை, வைத்துவிட்டாள். பொரிகூட வாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

இன்று காலை அவள் வீட்டுக்குப் போனேன். இனிப் பள்ளிக்கூடம் வர மாட்டேன் என்கிறாள். "மாப் கட்டைக்குப் பொட்டு வைக்கிறதுக்கு எதுக்கு டீச்சர் பிளஸ் டூ? எங்கப்பா படிக்காமயே அதைத்தான செய்யிறாரு" என்று கேட்டாள்.

நீ பதில் சொல். ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட்டு நீ சுண்டல் தின்றிருக்கிறாய்.

ரஞ்சிதா


புதுக்கோட்டை
6.10.2025

மதிப்புக்குரிய ரஞ்சிதா டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்ல தமிழ். மாணவிகளுக்கு இப்படித்தான் மதிப்பெண் போடுவீர்கள் போலிருக்கிறது, ஒரு தரப்பைக் கேட்டுவிட்டு.

நான் கொடுமைக்காரி என்று முடிவு கட்டிவிட்டாய். சரி. விடிகாலையில் சாப்பிடாமல் வந்து வரிசையில் நிற்கிற சர்க்கரைக்காரர்களுக்கு நடுவில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடினேன். ஏதாவது உடைந்தால், ஊசி குத்தினால் நீயா வந்து நிற்பாய்? உன் முகத்துக்காகச் சேர்த்துக்கொண்டேன். அதற்குக் கிடைத்த கூலி இது.

அந்தப் பிள்ளை நன்றாக வேலை செய்தாள். அதனால், "பிளஸ் டூ முடிச்சிட்டு இங்கயே வந்துரு, நிரந்தரமா வச்சிக்கிறேன்" என்று நானே கூப்பிட்டுச் சொன்னேன். எந்த முதலாளி இப்படிச் சொல்வான்? திருமுருகன் குங்குமத்தை நீட்டியதுகூட அவளை மட்டும் விட்டுவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான். எல்லாரும் பொட்டு வைக்கும்போது அவள் மட்டும் சும்மா நின்றால் நன்றாகவா இருக்கும்?

இன்னொன்றும் கேட்கிறேன். நீ கொடுத்தனுப்பிய கடிதம் என் மேசையில்தான் கிடக்கிறது. ரமீஜாவுக்கு எது பிடிக்கும், என்ன ஆக வேண்டும், எங்கே உட்கார வைக்க வேண்டும் என்று எல்லாம் எழுதினாய். அந்தப் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று ஒரு வரி உண்டா? அப்பன் துப்புரவுக்காரர், எந்த வேலை சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டாள். இதுதானே நீ எழுதியது? நீ எழுதியபடிதான் நான் வேலை கொடுத்தேன். இப்போது என்னிடம் குதிக்கிறாய்.

பிளெஸ்ஸி


அன்னவாசல்
9.10.2025

பிளெஸ்ஸி,

ஆமாம், எழுதினேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். என் கையெழுத்தை எடுத்து என் முகத்திலேயே எறிந்துவிட்டாய், சரியாகப் பட்டது. இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

ஆனால் அதைச் சொல்லி நீ தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்க்காதே. நான் யோசிக்காமல் எழுதினேன். நீ தினமும் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்தாய். எழுதியதைப் படித்துத்தான் வேலை கொடுப்பேன் என்றால் உனக்குக் கண் எதற்கு? ‘உனக்கு என்னம்மா பிடிக்கும்?’ என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? நிரந்தரமாக வைத்துக்கொள்கிறேன் என்று பெரிய மனதுடன் சொன்னாயே, ரமீஜாவிடம் அப்படிச் சொன்னாயா? உன் மகள் லீவுக்கு வரும்போது அவள் கையில் அந்தக் கட்டையைக் கொடுத்துப் பொட்டு வைக்கச் சொல்வாயா?

பள்ளி திறந்துவிட்டது. அவள் இடம் காலியாகக் கிடக்கிறது. மறுபடி அவள் வீட்டுக்குப் போனேன். மலையாண்டி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "விடுங்க டீச்சர், வேலைன்னா வேலைதானங்க. அந்தம்மா மேல கோவப்படாதீங்க" என்றார். உள்ளேயிருந்து சத்யபிரியா, "நீ எந்திரிச்சு நிக்காதப்பா, ஒக்காரு!" என்று கத்தினாள். அவர் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இங்கே வா. அவள் வீட்டுக்குப் போ. தப்பு செய்துவிட்டேன் என்று அவளிடம் சொல். என்னிடம் சொல்லாதே, எனக்கு வேண்டாம்.

ரஞ்சிதா


புதுக்கோட்டை
17.10.2025

ரஞ்சிதா,

வந்தேன். உன்னிடம் சொல்லாமல்தான் வந்தேன், நீ கூட வந்து நின்றால் உன் பாடம் முதலில் நடக்கும் என்பதால்.

மழை பெய்து தெருவெல்லாம் சேறு. காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு டிரைவரை அனுப்பிக் கூப்பிட்டேன். வரவில்லை. "அவுங்களுக்கு வேலை இருந்தா அவுங்க வரட்டும்" என்று சொல்லி அனுப்பினாளாம். மலையாண்டிதான் ஓடி வந்து கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார். எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது. ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

என்னால் இவ்வளவுதான் முடியும். திருமுருகனிடம் பேசிவிட்டேன். தீபாவளி முடிந்ததும் சனிக்கிழமைகளில் வரட்டும். மைக்ராஸ்கோப் பக்கத்தில் உட்கார வைத்து எல்லாம் சொல்லிக் கொடுப்பார். கக்கூஸ் பக்கம் யாரும் அனுப்ப மாட்டார்கள். இதை அவளிடம் சொல்லிவிட்டு, என்னை வாட்டுவதை நிறுத்து. ஒரே ஹாஸ்டல் அறையில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாம். ஒரு பிள்ளைக்காக இப்படி எழுதிக்கொள்வோம் என்று நான் நினைக்கவில்லை.

பிளெஸ்ஸி


அன்னவாசல்
24.10.2025

பிளெஸ்ஸி,

சேற்றில் கால் வைக்க முடியாமல் காரில் உட்கார்ந்துகொண்டு ஆள் விட்டுக் கூப்பிட்டிருக்கிறாய். மன்னிப்புக் கேட்க வந்தவள் செய்கிற காரியமா இது? அதை எனக்குப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய்.

சத்யபிரியா பள்ளிக்கு வந்துவிட்டாள். நீயோ நானோ அழைத்து வரவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்ததும் அவளாகவே பையை மாட்டிக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடைவேளையில் என் அறைக்குக் கூப்பிட்டு உன் லேப் விஷயத்தைச் சொன்னேன். வேண்டாம் என்றாள். "அப்புறம் எப்படிம்மா மனசு மாறி வந்த?" என்று கேட்டேன்.

"நான் நின்னுட்டா நீங்க எழுதுனது சரின்னு ஆயிரும்ல டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அப்புறம்தான் அவளே சொன்னாள். முதல் நாள் என் கடிதத்தை நீ பிரித்து, லேபில் எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தாயாம். ரமீஜாவைப் பற்றி, அவளைப் பற்றி, அவள் அப்பாவைப் பற்றி, எல்லாம். படித்துவிட்டு, "ஒங்க டீச்சர் ஒன்னப் பத்தி ரொம்பப் பெருமையா எழுதியிருக்காங்கம்மா" என்றாயாம். அதன்பிறகுதான் மாப் கட்டையைக் கொடுத்திருக்கிறாய். இத்தனை நாளும் அந்தப் பிள்ளைக்கு என்மேல்தான் கோபம். நான் அவள் வீட்டுக்குப் போய் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

உன் லேபுக்கு இனி என் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன். கொஞ்ச காலம் நீ எனக்கு எழுத வேண்டாம், நானும் எழுதுவதாக இல்லை. உன்னைப் பார்த்தால் என்னைப் பார்ப்பது போல் இருக்கும். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவள் எழுந்து போகும்போது, முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை ஒருவழியாகக் கேட்டேன். "ஒனக்கு என்ன ஆகணும் சத்யபிரியா?"

கதவருகில் நின்றாள். யோசிக்கவே இல்லை, எப்போதோ முடிவு செய்து வைத்திருக்கிறாள்.

"இருக்கு டீச்சர். ஒங்ககிட்டச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

ரஞ்சிதா