மூன்று முறை அமுக்கினேன்

மனோகருக்கு,

கருமாதிக்கு வரும்போது, உன் அம்மா கழுத்தில் நீ மாட்டிவிட்ட பட்டன் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடு.

குளியலறையில் விழுந்தவள், "இன்னா பாக்கறீங்க, அமுக்குங்க, புள்ள வண்டி அனுப்புவான்" என்றாள். மூன்று முறை அமுக்கினேன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவன் நான். உள்ளே ஆள் இருந்தால் மூன்று மணி. இந்த ஊரில் நாய்க்கும் தெரியும்.

ஒரு முறை அமுக்கினால் ஆபத்து, மூன்று முறை என்றால் ஆபத்தில்லையாம். உன் பெண்டாட்டிக்குச் சொல்லிவைத்தாய். எனக்குச் சொல்ல உனக்கு நேரமில்லை.

உன் போனுக்கு 'நலம்' என்று போயிருக்கிறது. நீயும் என் போனுக்குக் கட்டைவிரல் படம் அனுப்பினாய்.

அதைப் பார்த்துத்தான் "புள்ள வண்டி அனுப்பிட்டான்டி" என்றேன். கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் புருஷன்