பெண் பார்க்க வந்தவர்கள்

டிச. 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். படகுகள் போகவில்லை. ஐஸ் கம்பெனியில் இன்று கணக்கெழுத ஒன்றும் இருக்காது. நான் போகாதது யாருக்கும் உறைக்காது.

ஸ்கூட்டியில் இரண்டு பேர். மகளிர் ஸ்டேஷன் எஸ்.ஐ., கூட ஒரு பெண் காவலர். நேற்று போனில் நான் கேட்டது: ஜீப் வேண்டாம், யூனிஃபார்ம் வேண்டாம். இரண்டும் இல்லை. சுடிதார். காற்றுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றியிருந்தார்கள்.

எதிர்வீட்டு ஜொஹரா மாமி வாசல் குழாயில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "யாரு ராத்தா வந்திருக்காக?"

உம்மா யோசிக்கவே இல்லை. "புள்ளயப் பாக்க வந்திருக்காக."

எங்களில் பெண் பார்க்க முதலில் பெண்கள்தான் வருவார்கள். பொய் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது.

எஸ்.ஐ.: "அவசரம் இல்லம்மா. நடுவுல நிறுத்தணும்னா நிறுத்திக்கலாம்."

சனிக்கிழமை. கணக்கு அறை. மேனேஜர் ம. கதவைச் சாத்தியது. அதற்குப் பிறகு என் வாக்கியங்களில் ஆளே இல்லை. கை இழுக்கப்பட்டது என்கிறேன். "யார் இழுத்தது?" வாய் பொத்தப்பட்டது. "யார்?" கடைசியில் முழுப் பெயரையும் சொன்னேன். ஏன் கத்தவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அந்தக் காத்திருப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

உம்மா ரவா கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். போலீஸுக்கு. எஸ்.ஐ. ஒரு ஸ்பூன் தின்றார்.

அன்று உடுத்திய சுடிதார். உம்மா துவைக்கக் கேட்டபோது கொடுக்கவில்லை, பீரோவின் அடியில் வைத்திருந்தேன். காகிதக் கவரில் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் வெளியே போகும்போது மாமியின் குரல்: "அளவுச் சட்டை வாங்கிட்டுப் போறாக. அப்ப முடிஞ்ச மாதிரிதான்."

மதியம் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் முன்னால் சம்மதமா என்று கேட்டார். ஒரு சோதனைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று கையை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்றதும் ஒரு கை நிற்கிறது. அழுகை அங்கேதான் வந்தது.

டிச. 10, புதன்

பயங்கள்:
பைக் சத்தம்.
தெரியாத நம்பர்.
உம்மா பாத்திரம் விளக்கும் வேகம்.
ஐஸ் உடைக்கும் மெஷின். இங்கே கேட்காது. கேட்கிறது.

மாமி இனிப்புக்கு வட்டலப்பம் கொண்டுவந்தார். "மாப்பிள்ளைக்கு எங்கன வேலை?"

"கெவருமெண்டுல," என்றார் உம்மா. அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

டிச. 12, வெள்ளி

ம.வைக் கைது செய்துவிட்டதாக எஸ்.ஐ. போன். நிம்மதி வர வேண்டும். எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஜும்ஆவுக்குப் பிறகு மாமி. "ஐஸ் கம்பெனி மேனேசரப் புடிச்சிட்டாகளாமே. எவளோ எழுதிக் குடுத்திருக்கா. பேரத்தான் போலீஸு சொல்ல மாட்டேங்குதாம். ஒன்கூட வேல பாத்தவளா இருக்கும்."

தலையாட்டினேன்.

"நல்லவேளை, ஒனக்கு எடம் கூடி வந்திருச்சு. அவளுக்கு இனிமே எவன் வருவான்."

அதற்கும் தலையாட்டினேன்.

மாலை வாப்பாவின் வாய்ஸ் மெசேஜ், சவூதி தம்மாமிலிருந்து. மாமியின் மகனும் அங்கேதான். "என்னம்மா, வாப்பாட்ட சொல்லாமலே மாப்பிள்ள பாத்துட்டீகளோ." பெரிய சிரிப்பு. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. உம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். "ஒங்க வாப்பா இப்பிடிச் சிரிச்சு எம்புட்டு நாளாச்சு."

பொய் உம்மாவுக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்கும், கொஞ்சம்.

டிச. 15, திங்கள்

எஸ்.ஐ. மறுபடி வந்தார். இந்த முறை தலையில் துப்பட்டா இல்லை. நெற்றியில் பொட்டு. ம. தரப்பு ஜாமீன் கேட்டிருக்கிறது. மனுவில் ஒரு வரி: புகார் கொடுத்த பெண்ணுக்குச் சம்பவம் நடந்த சில நாளிலேயே திருமணம் பேசி முடிக்கப்பட்டுள்ளது, அவர் இயல்பாக இருக்கிறார்.

இயல்பாக.

"யாரும்மா இப்படிச் சொன்னது?" என்றார் எஸ்.ஐ.

"நாந்தான், எதிர்வீட்டு ஜொஹராட்ட," என்றார் உம்மா.

"ஏன்மா?"

"நீங்க முக்காடு போட்டிருந்தீக."

எஸ்.ஐ. சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நெற்றியைத் தேய்த்தார். "நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னாடி பாப்பா வாக்குமூலம் குடுத்துரும். ஆனா கேஸ் நடக்கும்போது அவன் வக்கீல் இந்த எதிர்வீட்டு அம்மாவையே சாட்சியாக் கொண்டுவருவான். பொண்ணு பாக்க வந்தாக, அளவுச் சட்டை குடுத்து விட்டாகன்னு அவங்க உண்மையா நம்பித்தான் சொல்வாங்க."

"இப்ப என்ன செய்யணும்?" என்றார் உம்மா.

"பேர வெளிய விடாம பாக்குறது என் வேலை. நீங்களா சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். சொல்லுங்கன்னு நான் சொல்ல முடியாது."

அவர் போனபின் உம்மா: "கேஸ விட்ருவோமா?"

"விட்டா மாப்பிள்ளை வந்துருவானா உம்மா?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எது என்று தெரியவில்லை.

சாப்பிடும்போது கேட்டார். "ஜொஹராட்ட சொல்லட்டுமா?" மாமிக்குச் சொன்னால் தெருவுக்கு. தெருவுக்கு என்றால் தம்மாமுக்கு. சொல்லாவிட்டால் கேசரி சாட்சி சொல்லும். தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

டிச. 16, செவ்வாய்

கூண்டு இறக்கியாச்சு. நல்ல வெயில். படகுகள் போகும் சத்தம்.

ஆட்டோ வாசலில். மாமி குழாயடியில். "எங்கன கெளம்பிட்டீக? ஜவுளி எடுக்கவா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நேற்றுக் கேட்டதைத்தான் கேட்கிறார். தலையாட்டினேன்.

"ராமநாதபுரத்துக்கு. கோர்ட்டுக்குப் போறோம். அன்னைக்கு வந்தது போலீஸு, ஜொஹரா. ஐஸ் கம்பெனி விசயத்துல எழுதிக் குடுத்தது எம் மக."

மாமி குழாயை மூடவில்லை. வாளி நிறைந்து வழிந்தது. ஆட்டோ திரும்பும் வரை வழிந்துகொண்டே இருந்தது.

கோர்ட் வராந்தா. பெஞ்ச். பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உம்மா: "எழுதாத. பாக்குறாக." உள்ளே மாஜிஸ்திரேட்டும் நானும் மட்டும் இருப்போமாம். பெண் மாஜிஸ்திரேட். யாரும் கட்டாயப்படுத்தி வரவில்லையே என்று முதலில் கேட்பாராம். எஸ்.ஐ. அவ்வளவுதான் சொன்னார். என்ன பேச வேண்டும் என்று சொல்லித் தரவில்லை.

பயம்: பெயர் இல்லாத வாக்கியங்கள் மறுபடி வந்துவிடுமோ.

உம்மாவின் போன் ஒளிர்கிறது. ஜொஹரா மாமி. அடித்து நிற்கிறது. மறுபடி ஜொஹரா மாமி. உம்மா விரலை மேலே வைத்திருக்கிறார், தொடவில்லை.

பெயர் வெளியே தெரியக் கூடாதாம்; இன்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கதவு திறக்கிறது. எஸ்.ஐ. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைக்கிறார்.