அந்த முகமூடிக்குள்ளே இருந்தது அண்ணை இல்லை

அன்பான பிலோமினா மச்சாள்,

கண்ணை மூடி மேலே போன பிறகும் யாரையாவது அவுட் ஆக்கிக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரு விசயம் என்னை இரண்டு கிழமையாக ஓரிடத்தில் இருக்க விடவில்லை. இலவசப் பத்திரிகையில் பகிடிப் பக்கம் எழுதி, அதற்கு நானே சிரித்துக்கொள்ளுகிறவள் நான் என்று உங்களுக்குத் தெரியும். இந்தமுறை அந்தப் பக்கம் உங்களுக்கு. மற்ற ஆக்கள் எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

மோர்னிங்சைட் பக்கத்துச் சமூக நிலையத்தில் யோகா வகுப்புக்குச் சேர்ந்தேன். குனியச் சொன்ன இடத்தில் வகுப்பை விட்டு வெளியே வந்து, நடைபாதைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சின்னப் பிள்ளைகளின் பழைய பேஸ்போல் படங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். ஒன்றில் நீங்கள். இரும்புக் கம்பி முகமூடி, நெஞ்சுக் கவசம், ஒரு பொடியனை அவுட் என்று சொல்லித் தூக்கின கை. கீழே எழுதியிருந்தது: அம்பயர், மிஸ்டர் அருளானந்தம்.

மிஸ்டர் அருளானந்தம் என் அண்ணை, உங்கட புருசன். உங்களை மைதானத்தில் இறக்கிவிட்டு, ஆட்டம் முடியும்வரை காருக்குள் சீற்றைச் சரித்து நித்திரை கொண்ட மனிசன்.

எப்படி நடந்தது என்று விளங்குது. கனடாவுக்கு வந்ததும் எங்களுக்கெல்லாம் புருசன்மாரின் பெயரைத்தானே கடைசிப் பெயராக ஒட்டினார்கள். எங்கேயோ பி. அருளானந்தம் என்று எழுதிக் கிடந்திருக்கும். முகமும் தெரியாது, பெயரும் ஆம்பிளைப் பெயர். மிஸ்டர் தானாகவே வந்து முன்னால் குந்திவிட்டார். நான் உங்களைக் கண்டுபிடித்தது கையால். கழற்ற முடியாத அந்த இரண்டு காப்பும், பந்து படாமல் அதுக்கு மேலே சுற்றின வெள்ளைப் பிளாஸ்டரும்.

சுவரில் பெண்கள் இல்லை என்று பொய் சொல்லக்கூடாது. பக்கத்துப் படத்தில் தோடம்பழத் துண்டுகளோடு நிற்கிறார்கள், கீழே 'எங்கள் அம்மாமார்' என்று. அதில் பாதிப் பேர் பிள்ளைகளுக்குப் பந்து எறியப் பழக்கினவர்கள். ரீவியிலும் இதுதானே? ஆட்டம் இறுகினால் கமரா யாரோ ஒரு வீரரின் மனைவியைத் தேடி ஓடும், அவ நகம் கடிக்கிறதைக் காட்ட. பேஸ்போலில் எங்களுக்குத் தந்திருக்கிற உத்தியோகம் கவலைப்படுவது. கொன்வென்ற் மைதானத்தில் மூங்கில் தடியால் பந்தடித்து எல்லே விளையாடி ஓடின பெண்ணுக்கு இது பொருந்துமா, சொல்லுங்கோ.

அலுவலகத்தில் இருந்த எங்கட தமிழ்ப் பிள்ளை ஒன்றிடம் போய், அது என் மச்சாள், பெயரை மாற்றுங்கோ என்றேன்.

"பட் அன்ரி, ஃபேஸ் தெரியேல்லையே. ஹவ் டு யூ நோ?"

"காப்பைப் பாருங்கோ பிள்ளை."

"பாய்ஸும் பிரேஸ்லெற் போடுவினம், அன்ரி. இதில மிஸ்டர் எண்டிருக்கு. அந்த அங்கிள் வந்து இது நான் இல்லையெண்டு சொன்னா, ஐ வில் சேஞ் இற்."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். ஞாயிறு பூசை முடிய, கோயில் மண்டபத்தில் அண்ணையைப் பிடிக்கப் போனால், யாரோ ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை, சுவரில உங்கட படம் பாத்தனான். அப்ப எனக்குச் சனிக்கிழமையும் வேலை, ஒரு மட்ச்சும் பாக்கேல்லை. மோன் வந்து அம்பயரை அம்ப், அம்ப் எண்டுதான் சொல்லுவான். ஒருக்கா அவன் ஹெல்மெற்றைத் தூக்கி எறிய, நீங்கள் மட்ச்சையே நிப்பாட்டிப்போட்டியளாம்."

"ஓம்," என்றார் அண்ணை. "பிறகு?"

"பிறகென்ன, அவன் அழுதழுது போய்ப் பொறுக்கிக்கொண்டு வர, நீங்கள் தூசி தட்டித் தலையில போட்டுவிட்டனீங்களாம்."

"ஓம், ஓம்," என்று அண்ணை தலையாட்டினார், மச்சாள். மாலை போட்டிருந்தால் அதையும் வாங்கியிருப்பார்.

காருக்குள் ஏறினதும் தொடங்கினேன். "உங்களுக்கு வெக்கமில்லையே அண்ணை?"

சீற் பெல்ற்றைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "இல்லையெண்டு சொன்னால், சொறி எண்டிட்டுப் போயிடுவினம். ஓம் எண்டால் நிண்டு கதைப்பினம்."

"என்ன கதை?"

"அவவின்ர கதைதான். நான் அப்ப நித்திரை. அவ வீட்டை வந்து சொல்லுறேல்லை, நானும் கேக்கிறேல்லை. இப்பதான் ஒவ்வொண்டாக் கேள்விப்படுறன்."

அவருடைய கையிலிருந்த பெல்ற்றை நானே வாங்கிக் கொளுவிவிட்டேன்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் நடக்கிறேன். சுவரில் உங்கட பெயர் ஏறினால் அண்ணைக்குக் கதை நின்றுபோகும். கதை வரவேண்டும் என்றால் சுவரில் அவர் நிற்கவேண்டும். இந்த இரண்டில் எது உங்களை நினைவில் வைக்கிறது? நீங்கள் கண் வெட்டுகிற நேரத்தில் தீர்ப்புச் சொன்னவ. ஒருநாளும் தடுமாறவில்லையா, அல்லது முகமூடி இருந்தபடியால் எங்களுக்குத் தெரியவில்லையா?

கடைசியில் நேற்று அண்ணையின் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்னேன். "கோயிலில கை குலுக்கின ஆள் அவவைப் பற்றிக் கதைக்கேல்லை அண்ணை. உங்களைப் பற்றித்தான் கதைச்சவர். அந்தப் பொடியனுக்கு ஹெல்மெற் போட்டுவிட்டது உங்கட கை எண்டுதான் அவர் வீட்டை போய் நினைப்பார்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "அப்ப எனக்கு ஆர் சொல்லுறது?"

"நான் சில மட்ச் பாத்தனான்."

"நீ ஒண்டைப் பத்தாக்குவாய்."

ஆனால் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு என்னோடு சமூக நிலையத்துக்கு வந்தார். படத்துக்கு முன்னால் நின்று, "திஸ் இஸ் மை வைஃப்," என்றார். அந்தப் பிள்ளை கடைசிப் பெயர் கேட்டது. அண்ணை என்னைப் பார்த்தார். "என்ர பேராலதானே இவ்வளவும். அவவின்ர தகப்பன்ர பேரைக் குடுப்பமோ?" அதுவும் ஒரு மிஸ்டர்தானே என்றேன். படத்தை இன்னொருக்கால் பார்த்துவிட்டு, "பிலோமினா, அம்பயர். அவ்வளவு காணும்," என்றார். அடுத்த கிழமை மாற்றுவார்களாம்.

திரும்பி வரும்போது, "சரி, சொல்லு," என்றார்.

அந்தத் தடித்த பயிற்சியாளர் மூக்குக்கு முன்னால் வந்து கத்தின நாளைச் சொன்னேன். நீங்கள் பின்பொக்கற்றிலிருந்து சின்னத் தூரிகையை எடுத்து, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, அவர் கத்தி முடியும்வரை ஹோம் பிளேற் என்ற அந்த வெள்ளைப் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"பிறகு?"

மச்சாள், நாக்கு நுனிவரை வந்தது. அந்தாள் காலில் விழுந்தார், சனம் எழும்பிக் கைதட்டியது என்றெல்லாம். "பிறகு அவர் போய் இருந்திட்டார். மட்ச் நடந்தது."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

நான் பார்த்தது கொஞ்சம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தாலும், அவர் கேட்கிற நாளெல்லாம் முதலிலிருந்து திருப்பிச் சொல்லுவேன். ஒன்றையும் கூட்டிச் சொல்லமாட்டேன். என் வாயிலிருந்து இதைவிடப் பெரிய சத்தியம் வராது என்று உங்களுக்குத் தெரியும்.

கலியாணத்தோடு சீதனமில்லாமல் உங்களுக்கு வந்துசேர்ந்த மச்சாள்,
றீற்றா