என் பெயரில் தேறிய சிப்

அன்புள்ள மாமா,

அன்பு இன்னும் தீரவில்லை. அதனால்தான் கோபம் இப்படி எரிகிறது. காரியத்தன்று, உங்கள் நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னாள் உங்கள் மனைவி, என் அக்கா. எனக்கு வந்தது இதுதான்.

என்னை ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நீங்கள். ஆறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சிப்பைச் செய்தோம். மற்ற கணினிகளில் தகவல் ஓரிடத்தில் இருக்கும், கணக்கு வேறிடத்தில் நடக்கும். நடுவே அலைவதிலேயே நேரமும் மின்சாரமும் போய்விடும். நம் சிப் தகவல் இருக்கும் நினைவகத்திலேயே கணக்கை முடிக்கும். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் எது அலை, எது கவிழ்ந்த படகு என்று மேலேயே, உடனே சொல்லிவிடும். சதுரங்கப்பட்டினத்தில் நம் வீட்டு ஆண்கள் பாதிப் பேர் கடலில் இருப்பவர்கள். அதன் அருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குப் போனேன். உங்கள் மிச்ச வேலையை என்னிடம் தந்தார் மேனேஜர். உங்கள் கம்ப்யூட்டரில் வெப்பச் சோதனையின் மூலப் பதிவுகள் இருந்தன. சூடும் குளிரும் மாறி மாறி ஏறியபோது சிப் பொருத்திய மூன்று போர்டுகளில் சேமித்த மதிப்புகள் நழுவியிருக்கின்றன. அந்தப் போர்டுகள் படகை அலை என்று சொல்லியிருக்கின்றன. அறிக்கையில் அந்த மூன்றும் இல்லை. எல்லாம் தேறியதாக எழுதியிருந்தது. சோதித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

என் பெயர், மாமா! சோதனை நாளன்று எனக்குக் காய்ச்சல். "நீ வூட்ல படு, நான் பாத்துக்கறேன்" என்றீர்களே, அப்போதே முடிவு செய்துவிட்டீர்களா? மாட்டினால் இவள் மாட்டட்டும் என்றா? திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவே இல்லை. உங்கள் சாவுகூட எனக்குத் தப்பி ஓடியதுபோலத்தான் தெரிகிறது.

மேனேஜரிடம் காட்டினேன். "போனவர் பேரை எதுக்கும்மா கெடுக்கறே? மேல போனப்புறம் சாஃப்ட்வேர்ல சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"அப்ப அறிக்கையில உங்க பேரைப் போட்டுக்குங்க சார்" என்றேன். போடவில்லை. செயற்கைக்கோள் செய்பவர்களுக்குப் பதிவுகளை நானே அனுப்பினேன். செயற்கைக்கோளிலிருந்து நம் சிப்பை எடுத்துவிட்டார்கள்.

செய்தி காதுக்கு எட்டியதும் அக்கா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னாடி பண்ணி வச்சிகீற? மண்ணு கூட காயல, அதுக்குள்ள அவர திருடன்னு சொல்லிகினு திரியறியா?"

"என் பேர்ல பொய் எழுதிகீறாருக்கா."

"எதுனா இருந்தா உன்னாண்ட சொல்லிருப்பாருடி!"

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கதவைச் சாத்திவிட்டாள்.

நேற்று அவளாகவே வந்தாள். "அந்தப் படத்தக் காட்டு" என்றாள். காட்டினேன். சோதனையில் சிப்புக்குக் கொடுத்த கடல் படம். படகு யார் கண்ணுக்கும் தெரியும். பக்கத்தில் 'அலை' என்று சிப் சொன்ன பதில். வெகுநேரம் பார்த்தாள். "என்னாண்டயும் சொல்லலியேடி" என்றாள். அதற்காக உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த மூன்று போர்டுகளும் இப்போது என் மேசையில். சரிசெய்யாமல் விடமாட்டேன். என்றாவது நம் சிப் மேலே போகும்போது, நீங்கள் வரைந்த சர்க்யூட்டுக்கு உங்கள் பெயர் இருக்கும். நீங்கள் எழுதிய பொய்க்கும் உங்கள் பெயரே இருக்கும். இது சத்தியம்.

இன்னும் உங்களை மாமா என்றே கூப்பிடும் கொழுந்தியாள்,
மலர்விழி