ஆலமரத்திலிருந்து இறக்கிய மூட்டை

என் அன்பு அக்காவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். ஒரகடத்தில் வயலெல்லாம் கம்பெனியாகும், படப்பைக்கு ஷேர் ஆட்டோ ஓடும், மாட்டுக்கு என்ன வியாதி என்று ஒரே நாளில் சொல்கிற மிஷின் வரும். நீ பால் கறந்துகொண்டே சிரித்தாய். நீ எங்களை விட்டுப் போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. மூன்றும் வந்துவிட்டன.

உன் செவலை மாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போன மூன்றாம் மாதம், ஏழு மாதச் சினையில் அது குறையாய்க் கன்று வீசிவிட்டது. உன் மகள் வீட்டுக்காரர், நம் மாப்பிள்ளை, வழக்கப்படி நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சாக்கில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும் என்று நீ செய்ததைப் பார்த்தவர்தானே.

மாட்டு டாக்டர் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கன்று வீச்சு நோயாக இருந்தால் ஒட்டுவாரொட்டி, மனுஷருக்கும் வரும், பிள்ளைத்தாய்ச்சி அந்த மாட்டின் பிரசவத்தைத் தொடவே கூடாது என்றார். கிருமியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்காகுமாம். சென்னையில் புது மிஷின் இருக்கிறது, கிருமியின் அடையாளம் துளி இருந்தாலும் ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, தெரிகிற அளவுக்குப் பெருக்கிவிடும் என்றார். அதற்கு அந்த நஞ்சுக்கொடி வேண்டும். சென்னைக்குப் போகிற ஐஸ் பெட்டி மத்தியானம் கிளம்பிவிடும்.

உன் மகள் பூங்கொடி அந்த நேரத்திலும் சும்மா இருக்கவில்லை. "ஒன்ன நாலாக்கறதுக்கு மிஷின் இன்னாத்துக்கு சார்? எங்க மாமாவே போதும்" என்றாள். டாக்டர்கூடச் சிரித்துவிட்டார்.

சைக்கிளை எடுத்தேன். நான் போன வேகத்தில் எதிரே வந்த லாரி ஒதுங்கி வழிவிட்டது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு மரத்திலிருந்து மூட்டையை இறக்கி, நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "இது உங்க மாட்டோடதுதானா? நிச்சயமா தெரியுமா?"

"எங்க அக்கா பொடவைய கிழிச்சிக் கட்னது சார். பச்சைக் கரை. எனக்குத் தெரியாதா?"

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. நோய்க் கிருமி இல்லை. பதினைந்து நாள் கழித்து ரத்தமும் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். மிஷினே சொன்ன பிறகு எதற்கு என்று நான்தான் மாட்டை ஓட்டிப் போகவில்லை. ஒரகடம் கூட்டுரோடு டீக்கடையில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆய்வகத்துப் பெரிய டாக்டர் எனக்கு நாற்காலி போட்டார் என்றுகூடச் சொன்னேன். நான் சென்னைக்கே போகவில்லை என்பது யாருக்குத் தெரியும்?

இப்போது செவலை மறுபடியும் சினை, எட்டாம் மாதம். பூங்கொடிக்கு ஐந்தாம் மாதம். கம்பெனியில் நின்றே வேலை பார்க்க முடியாமல் வீட்டோடு இருக்கிறாள். நேற்று மாட்டின் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இந்தத் தடவ நான்தான் கன்னுக்குட்டிய கையில வாங்குவேன் மாமா, அம்மா மாதிரி. நோய் இல்லன்னு நீதான் கண்டுபுட்ச்சிட்டியே."

அவளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு மாட்டுக்கு நானே தண்ணீர் காட்டினேன்.

அக்கா, அன்றைக்கு மரத்தில் மூன்று மூட்டைகள் தொங்கின. மூன்றும் ஒரே மாதிரி வெள்ளை உரச்சாக்கு, ஒரே மாதிரி சணல் கயிறு. மாப்பிள்ளை ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருந்தால் ஐஸ் பெட்டி போய்விடும். கைக்கு எட்டியதை எடுத்தேன். அது யார் வீட்டு மாட்டினுடையதோ? மிஷின் அதைப் பற்றித்தான் உண்மை சொன்னது. நம் செவலையைப் பற்றி இன்றுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை காலை டாக்டரிடம் இதையெல்லாம் சொல்லி, ரத்தம் எடுக்கக் கையோடு அழைத்து வருகிறேன். பதில் வரும்வரை பூங்கொடி தொழுவத்துப் பக்கம் போகமாட்டாள். போக விடமாட்டேன். டீக்கடையிலும் நானே சொல்லிவிடுகிறேன், அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

பச்சைக் கரை என்று ஒன்று இல்லவே இல்லை, அக்கா.

உன் கூடப்பிறந்தவன்,
கன்னியப்பன்