கோப்போசி என்று சொன்னேன்

மார்ச் 3, பெராமா

அஜீனா தீவுக்குப் போகிற கப்பலைச் சோதித்தேன். வண்டிகள் ஏறி இறங்கும் பின்கதவின் கீலில் கோப்போசி. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, கருவிதான் சொல்லும்.

எங்கள் கிரேக்கத்தில் கோப்போசி என்றால் களைப்பு. இதய டாக்டர் சோதிப்பதும் அதைத்தான். விளைச்சல் குறைந்த மண்ணுக்கும் அதே சொல். சொல்லின் வேரைப் பார்த்தால் அடிப்பது, வெட்டுவது. இரும்புக்கு அதுதான் பொருத்தம். ஒரே அடியில் போவதில்லை. வாங்கி வாங்கி ஒரு நாள் சொல்லாமல் விட்டுவிடும்.

முதலாளி வ்ராசிதாஸுக்குப் போன் செய்தேன். "பின்கதவுல கோப்போசி ஜாஸ்தி. இப்படியே ஓட்டாதீங்க."

"எல்லாரும் இதையேதான் பொலம்புறாங்க, எவ்தோகியா. நாளைக்கே மாத்திடறேன்."

மனுஷன் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இல்லை. மனசுக்குச் சரியாகப் படவில்லை.

மார்ச் 4

அந்தக் கதவில் வேலை பார்க்கும் என் கணவன் ஆர்கிரிஸ் மத்தியானமே விசில் அடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"மொதலாளிக்கு என்ன மந்திரம் போட்டே? கதவாளுங்க களைச்சுப் போயிட்டாங்கன்னு சொன்னியாமே! எங்களுக்கெல்லாம் ஒரு வாரம் லீவு, புது ஆளுங்களப் போட்டுட்டாரு."

"கீலு?"

"எந்தக் கீலு?"

ஆளையா மாத்தினான்? ஆளையா!

"உன் எடத்துல யாரு?"

"நம்ம இலியாஸ்தான். தம்பிக்கும் வேலை கெடச்சுதுன்னு அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

வ்ராசிதாஸ் போனை எடுக்கவில்லை. இலியாஸும் எடுக்கவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. துறைமுகக் காவலுக்குச் சொன்னேன் — இந்தத் தடவை விரிசல் என்று. "கதவத் தொறக்க வேணாம்னு சொல்லிடறோம்மா" என்றார்கள்.

அதே நாள்

திறந்துவிட்டார்கள்.

மார்ச் 7

இலியாஸை அடக்கம் செய்தோம். அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பழைய கிரேக்கத்தில் அப்படி அழுவதற்கும் அந்த வேரிலிருந்துதான் சொல். தெரிந்து என்ன பண்ணப் போகிறேன்?

மார்ச் 19

ஆர்கிரிஸ் சாப்பிடுகிறான், தூங்குகிறான். என்னிடம் பேசுவதில்லை.

ஏப்ரல் 12

நாற்பதாம் நாள். கோவில் வாசலில் அத்தை இலியாஸின் நினைவாக எல்லோருக்கும் அவித்த கோதுமை கொடுத்தார். என் முன்னால் வந்ததும் கிண்ணத்தை நீட்டவில்லை.

"கதவு ஒடையும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும் அத்தை. அதத்தான் மொதலாளிகிட்ட—"

"உம் புருஷன வீட்டுக்குக் கூட்டிக்கிட்டே. எஞ் சின்னவன அங்க நிக்க விட்டுட்டே."

இல்லை என்று சொல்வான் என ஆர்கிரிஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு கோதுமையை மென்றுகொண்டிருந்தான்.