குவைத்துக்குப் போய்ச் சேராத வெள்ளிக்கிழமை அழைப்புகள்

அனுப்புநர்:
ரோஷன் பேகம், க/பெ. உஸ்மான் கனி,
அங்கன்வாடிப் பணியாளர்,
பூந்தமல்லி, சென்னை – 600 056.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
தென்னலை டெலிகாம்,
சென்னை மண்டல அலுவலகம்.

நகல்: திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் அவர்களின் பார்வைக்கு.

பொருள்: முன்னறிவிப்பின்றி எனது கைப்பேசியின் வெளிநாட்டு அழைப்பு வசதியை நிறுத்தியதும், அதனால் என் தங்கை மஹீரா அந்நிய நாட்டில் மேலும் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டுண்டதும் – தவற்றை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்ளக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த மனுவைத் தாங்களே முழுவதும் படிக்க வேண்டும் என்பதுதான் என் முதல் கோரிக்கை. இதற்கு முன் நான் கொடுத்த புகார்களை ஒருவரும் படிக்கவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், "இணைய வேகம் குறைவு என்ற தங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது" என்று பதில் வந்தது. இணைய வேகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை ஐயா. குவைத்துக்கு அழைக்க முடியவில்லை என்று எழுதியிருந்தேன்.

2. மஹீரா எனக்கு ஒரே தங்கை. அவள் கணவர் மஸூத் சென்னை பாடி பகுதியில் லாரி மோதி இறந்தார். அதன் பிறகு அவள் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் குவைத்தில் ஒரு குடும்பத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். அவள் மகள் இஃபத் என் வீட்டில் வளர்கிறாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறாள்.

3. "வாட்ஸப்பில் பேசலாமே" என்று தங்கள் நிறுவனத்தில் என்னிடம் கேட்காதவர் இல்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். மஹீரா போய் இறங்கியதுமே அந்த வீட்டு எஜமானி அவளுடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சமையலறையில் ஒரு தரைவழித் தொலைபேசி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் வீட்டார் விருந்துக்கு வெளியே போகும் நேரத்தில் மட்டும், அதுவும் என் ஒரே எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் அவள் பேசலாம். வேறு எண்கள் அந்தத் தொலைபேசியில் பதிவாகியிருந்தால் வேலைக்காரியை வேறு வீட்டுக்கு இழுக்கப் பார்க்கும் ஏஜெண்டு என்று அந்த அம்மாள் சந்தேகப்படுவார். அந்தத் தொலைபேசிக்கு வாட்ஸப் கிடையாது. அதிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்கவும் முடியாது. ஐ.எஸ்.டி. அழைப்பு ஒன்றுதான் வழி.

மஹீரா மாடியில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். இறங்கி வர நேரம் வேண்டும். ஆகவே முதலில் மணியடிக்கவிட்டு வைத்துவிடுவேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழைப்பேன். இரண்டாம் முறை எடுப்பாள். எடுத்ததும் முதலில், "இஃபத்து சாப்டாளா?" என்றுதான் கேட்பாள். வெள்ளிக்கிழமை தோறும் இப்படித்தான் நடந்தது. இதை இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் பின்னால் வருகிறது.

4. கடந்த செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் குரல் வழக்கம்போல் இல்லை. அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, காண்ட்ராக்டு முடியப்போவுது. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுன்னு மேடம் பேப்பர் எடுத்து வெச்சிருக்காங்க. எனக்கு இங்க இருக்க மனசில்ல. ஆனா வந்தா வேல வேணுமில்ல? நீ எங்கனா கேட்டுப் பாரு. வர்ற வெள்ளிக்கெழம நீ 'வா'ன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் போடமாட்டேன். மேடமு எவ்ளோ கத்துனாலும் போடமாட்டேன்."

5. அடுத்த நாளே விடுப்பு எடுத்துக்கொண்டு மண்ணூர்பேட்டைக்குப் போனேன். அங்கே ஆயத்த ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் வித்யா என்பவர் மேற்பார்வையாளராக இருக்கிறார். அவர் குழந்தை முன்பு என் அங்கன்வாடியில் படித்தது. மஹீரா நன்றாகத் தைப்பாள் என்று சொன்னேன். "கூட்டினு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன். வந்து எறங்குன மறுநாளே சேத்துக்கலாம்" என்றார். காட்டுப்பாக்கம் தாண்டி வரும்வரை பேருந்தில் என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து இஃபத்திடம் சொன்னேன். "வெள்ளிக்கெழம நான்தான் அம்மாகிட்ட சொல்லுவேன், நீங்க சொல்லக் கூடாது" என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

6. அந்த வெள்ளிக்கிழமை இஃபத் பள்ளியிலிருந்து ஓடி வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழைத்தேன். ஆங்கிலத்தில் பதிவு செய்த ஒரு குரல் ஏதோ சொல்லித் துண்டித்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். அதே குரல். பக்கத்து வீட்டுப் பெண் லாவண்யாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "அக்கா, ஒங்க பாதுகாப்புக்காக வெளிநாட்டுக் காலை நிறுத்திட்டாங்களாம்" என்றாள்.

என் பாதுகாப்பு! யாரிடமிருந்து ஐயா? என் தங்கையிடமிருந்தா?

7. மறுநாள் காலை நானும் என் கணவரும் தங்களுடைய பூந்தமல்லி கிளைக்குப் போனோம். ராகேஷ் என்ற அலுவலர் கணினியைப் பார்த்துவிட்டு, நான் ஒரே வெளிநாட்டு எண்ணுக்கு வாராவாரம் அழைப்பதும், மணியடித்ததும் துண்டித்துவிட்டு மறுபடி அழைப்பதும் மோசடிக்காரர்கள் செய்யும் முறை என்று இயந்திரம் கண்டுபிடித்து நிறுத்திவிட்டதாகக் கூறினார். மாடியிலிருந்து என் தங்கை இறங்கி வருவதற்காக நான் காத்திருந்ததுதான் தங்கள் இயந்திரத்துக்கு மோசடி. தங்கை, ஒப்பந்தம், கையெழுத்து என்று எல்லாவற்றையும் அவரிடம் விளக்கினேன். அவர் சிரித்தார்.

"இன்னாம்மா நீ, இந்தக் காலத்துல போயி ஐ.எஸ்.டி. போட்டுகினு கீற? வாட்ஸப்ல பேசிக்கினு போம்மா. வெரிஃபிகேசன் முடிஞ்சா அதுவே வந்துரும்."

எப்போது முடியும் என்று என் கணவர் குரலை உயர்த்திக் கேட்டார். காவலாளியைக் கூப்பிட்டு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் கணவரை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் பார்க்க, திருடர்களைப் போல அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றோம்.

8. இதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கலாமா என்று கேட்டதற்கு, சரிபார்ப்பு முடியும்வரை என் பெயரில் தர முடியாது என்றார்கள். புகார் எண்ணுக்குப் பேசினேன், இணையத்தில் எழுதினேன், கிளைக்கு மறுபடி மறுபடி நடந்தேன். போகும்போதெல்லாம் "ரெண்டு நாள்ல வந்துரும்" என்பார் ராகேஷ். வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. குவைத்தில் அந்தச் சமையலறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு என் தங்கை நிற்கிறாள் என்று தெரிந்தும், இங்கே என் கையில் போன் இருந்தும், "வா" என்ற ஓர் எழுத்தை அவளிடம் சேர்க்க எனக்கு வழியில்லாமல் போயிற்று.

பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை லாவண்யாவின் போனிலிருந்து அழைத்தேன். அன்று விருந்துக்குப் போகாமல் வீட்டிலிருந்த எஜமானி எடுத்தார். நான் மஹீராவின் அக்கா என்று எனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொற்களில் சொல்வதற்குள் ஏதோ கத்திவிட்டு வைத்துவிட்டார். அதன் விளைவு என்ன என்பதைப் பின்னால் மஹீரா சொல்லித்தான் அறிந்தேன். மஹீரா ஏஜெண்டு மூலம் ஓடப் பார்க்கிறாள் என்று நினைத்து, நாங்கள் பேசிவந்த அந்த வெள்ளிக்கிழமை நேரத்தில் சமையலறையைப் பூட்டி, அவளையும் கூடவே வெளியே அழைத்துப் போகத் தொடங்கியிருக்கிறார்.

9. அக்டோபர் கடைசியில் ஒருநாள் வசதி தானாகத் திரும்பி வந்தது. யாரும் தகவல் சொல்லவில்லை. நானாக முயன்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை மஹீராவே எடுத்தாள். சமையலறை அதுவரை பூட்டியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான்:

"மஹீரா, வந்துடுடி. வேல ரெடியா இருக்கு."

"இப்ப சொல்லுறியே அக்கா."

"லைன கட் பண்ணிட்டாங்கடி, நான் என்னா பண்ணுவேன்?"

"ஒங்க அக்கா நம்பரே மாத்திட்டா, நீ அங்க யாருக்கும் வேணாம்னு மேடம் டெய்லி சொல்லிச்சு. நான் நம்பல. அப்புறம் நம்பிட்டேன். போன திங்கக்கெழம கையெழுத்து போட்டுட்டேன். போட்டப்புறம்தான் கிச்சன தொறந்து உட்டாங்க."

இஃபத் போனுக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். தன் அம்மாவிடம் சொல்ல ஆசை ஆசையாக வைத்திருந்ததை அவள் சொல்லவில்லை. "நான் சாப்டேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

10. இதற்குப் பிறகு தங்கள் நிறுவனம் எனக்கு அனுப்பிய செய்தி: "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். ஒரு நாள் இலவச டேட்டா தங்கள் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது."

ஐயா, சிரமம் என்பது பேருந்தில் நின்றுகொண்டு வருவது. ஒரு குழந்தைக்கு அதன் தாய் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்க மாட்டாள் என்பதற்குத் தங்கள் அகராதியில் வேறு சொல் இருந்தால் தயவுசெய்து அதைப் பயன்படுத்தவும். அந்த டேட்டாவை நான் தொடவில்லை. திரும்ப எடுத்துக்கொள்ளவும்.

மோசடியைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறுத்தும் முன் ஒரு முறை என்னைத் தமிழில் அழைத்து, "அம்மா, இது யார் எண்?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு செய்யக்கூடவா முடியாமல் போயிற்று?

11. குவைத்தில் உள்ள நமது தூதரகத்தின் உதவி எண்ணில் பேசினேன். பேசியவர் பொறுமையாகக் கேட்டார். மஹீரா தவறான தகவலை நம்பிக் கையெழுத்திட்டாள் என்பதற்கு ஆதாரம் இருந்தால், அந்தக் குடும்பத்தை அழைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றார். உறுதி தரவில்லை, பேசிப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். எனக்கு இப்போது இருக்கும் வழி அது ஒன்றே. அந்த ஆதாரம் தங்களிடம் மட்டுமே உள்ளது. கிளையில் கேட்டதற்கு, "அப்டில்லாம் லெட்டர் குடுக்கறது கெடையாதும்மா" என்றார் ராகேஷ். ஆகவே தங்களிடம் கேட்கிறேன்.

(அ) எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என் வெளிநாட்டு அழைப்பு வசதி நிறுத்தப்பட்டிருந்தது, அது என் தவறால் அல்ல, தங்கள் நிறுவனத்தின் தவறால் நிகழ்ந்தது என்பதை நிறுவன முத்திரையுடன், கையொப்பமிட்டு எழுத்தில் தர வேண்டும்.

(ஆ) அந்த நாட்களில் நான் அழைக்க முயன்ற விவரங்களை அதனுடன் இணைக்க வேண்டும். நான் அழைத்துக்கொண்டேதான் இருந்தேன் என்று என் தங்கைக்கும் தெரிய வேண்டும்.

(இ) என் எண்ணை இனி எக்காரணம் கொண்டும் என்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மேலும், வெளிநாட்டில் உறவினர் உள்ள பலர் இந்தப் பூந்தமல்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இப்படி நேராமல் இருக்கக் கிளையில் பொறுப்பான ஓர் அதிகாரியை நியமிக்க வேண்டும்.

12. மூன்றாவது கோரிக்கைக்குத் தாங்கள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் இரண்டுக்கும் ஒரு வாரத்துக்குமேல் என்னால் பொறுக்க இயலாது. தாமதித்தால், என் கணவருடனும் இஃபத்துடனும் தங்கள் மண்டல அலுவலகத்துக்கு வந்து, கடிதம் கையில் கிடைக்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். அங்கேயும் காவலாளி இருப்பார் என்று தெரியும். இந்த முறை எழுந்து போகமாட்டோம். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முன்னறிவிப்பு. தாங்கள் எனக்குத் தராத மரியாதையை நான் தங்களுக்குத் தருகிறேன்.

என் தங்கையை மீட்டுத் தாருங்கள் என்று நான் தங்களிடம் கேட்கவில்லை. அதை நான் செய்துகொள்கிறேன். தாங்கள் செய்ததைத் தாங்கள் செய்ததாக ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், போதும்.

இடம்: பூந்தமல்லி
நாள்: 17.11.2025

கடிதத்தை எதிர்பார்த்து,
(ஒப்பம்) ரோஷன் பேகம்